வெற்றிக்கு முன்னும் பின்னும்: ‘சிவகாமியின் சபதம்’, ‘சாகா’ ஆகிய தொடர்களில் போரும் பிளவுண்ட பற்றுறுதியும்

ஆய்வுச் சுருக்கம்

போரைப் பொருளாகக் கொண்ட நெடுந்தொடர்களில் இரு தரப்புக்கும் இடையே அகப்பட்டுக்கொள்ளும் மாந்தர் தவறாமல் இடம்பெறுகின்றனர். அவர்கள் எப்போது விலகலாம் என்பதைக் கதை எவ்வாறு வரையறுக்கிறதோ, அதைக் கொண்டே அக்கதையின் போர் நோக்கை அறியலாம். செங்கற்பட்டு, மாமல்லபுரக் கடற்கரைப் பகுதியைக் களமாகக் கொண்ட கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ புதினத்தையும், பிரையன் கே. வான் எழுதி ஃபியோனா ஸ்டேபிள்ஸ் வரைந்த ‘சாகா’ என்னும் விண்வெளிச் சித்திரக்கதைத் தொடரையும் இக்கட்டுரை இந்நோக்கில் ஒப்பிடுகிறது. கல்கியின் புதினம் வெற்றிக்குப் பின் விலகுபவரைத் தொண்டராக்குகிறது. வெற்றிக்கு முன் தடுமாறுபவரைப் பகைவராக்குகிறது. ‘சாகா’ வெற்றி என்ற ஒன்றே இல்லாத போரிலிருந்து விலகுபவர்களைக் கதையின் நடுவே நிறுத்துகிறது. இவ்வேறுபாடு தமிழ்ப் போர் இலக்கியத்தை எவ்வாறு மறுவாசிப்புச் செய்யத் தூண்டுகிறது என்பதைக் கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பற்றுறுதி, வஞ்சினம், வரலாற்றுப் புதினம், சித்திரக்கதை, மாமல்லபுரம், சிறுத்தொண்டர்.

முன்னுரை

தமிழில் சித்திரக்கதை வாசிப்புக்கு அரை நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து ஐரோப்பியத் தொடர்களைத் தமிழுக்குக் கொணர்ந்தன. ஆயினும் தமிழ்த் திறனாய்வு சித்திரக்கதையைச் சிறுவர் பொழுதுபோக்கு என்ற எல்லைக்குள்ளேயே பெரிதும் நிறுத்தியுள்ளது. போர், அரசு, பற்றுறுதி ஆகியவற்றைப் பேசும் சித்திரக்கதைகளைத் தமிழ்ப் போர் இலக்கியத்தோடு ஒருங்கு வைத்துப் படிக்கும் முயற்சி இன்னும் வேரூன்றவில்லை.

‘சாகா’ 2012 மார்ச்சில் இமேஜ் காமிக்ஸ் வெளியீடாகத் தொடங்கியது. அதன் முதல் தொகுதி 2013இல் ஹியூகோ விருது பெற்றது. லேண்ட்ஃபால் என்னும் கோளுக்கும், அதன் ஒரே துணைக்கோளான ரீத்துக்கும் இடையே முடிவில்லாப் போர் நிகழ்கிறது. லேண்ட்ஃபால் மக்களுக்குச் சிறகுகள். ரீத் மக்களுக்குக் கொம்புகள். சிறைக்காவல் பணியிலிருந்த அலானா என்னும் சிறகுப் பெண்ணும், போரை வெறுத்துச் சரணடைந்து சிறையிலிருந்த மார்க்கோ என்னும் கொம்பு வீரனும் காதலித்துத் தப்பி ஓடுகின்றனர். அவர்களுக்குப் பிறக்கும் ஹேசல் என்னும் மகளே வளர்ந்தபின் கதையைச் சொல்கிறாள்.

‘சிவகாமியின் சபதம்’ 1944 ஜனவரி முதல் 1946 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்து, 1948இல் நூலாயிற்று. ஏழாம் நூற்றாண்டின் பல்லவ, சளுக்கியப் போர் அதன் பின்புலம். இரண்டும் இதழ்தோறும் வாசகரைக் காத்திருக்க வைத்த தொடர்கள். இரண்டும் காதலைப் போருக்கு நடுவே வைப்பவை. இரண்டிலும் இரு தரப்புக்கும் இடையே பிளவுண்டவர்களே கதையை நகர்த்துகின்றனர். ஒன்று மற்றொன்றைப் பாதித்தது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஒரே சிக்கலுக்கு இரு படைப்புகள் தரும் வெவ்வேறு விடைகளை எதிரெதிரே வைப்பதே நோக்கம்.

ஒரே ஊரில் பகைவனின் இரு வடிவங்கள்

பகைவனைச் சித்திரிப்பது எப்படி என்ற கேள்விக்கு மாமல்லபுரமே இரு விடைகளை வைத்திருக்கிறது. மகிடாசுரமர்த்தினி குகையின் ஒரு பக்கச் சுவரில் துர்க்கை சிங்கத்தின் மீதமர்ந்து வில்லேந்திப் போரிடுகிறாள். எதிரே மகிடன் நிற்கிறான்: மனித உடல், எருமைத் தலை, கையில் கதை. அவன் படை சரியத் தொடங்கிவிட்டது; அவன் உடல் பின்னோக்கிச் சாய்கிறது. ஆயினும் அவன் வீழ்ந்துவிடவில்லை. அரசர்க்குரிய குடையைச் சிற்பி அவன் தலைக்கு மேலிருந்து அகற்றவுமில்லை. அதே ஊரில் மும்மூர்த்தி குகையின் வெளிப்புற மாடத்தில் உள்ள துர்க்கையோ வெட்டுண்ட எருமைத் தலையின் மீது நிற்கிறாள். அங்கே பகைவன் பீடமாகிவிட்டான்.

முதற் சிற்பம் முடிவுக்கு முந்தைய கணத்தைக் காட்டுகிறது. இரண்டாவது முடிவுக்குப் பிந்தைய நிலையைக் காட்டுகிறது. முதலாவதில் பார்வையாளரின் கண் இரு தரப்புக்கும் இடையே சென்று மீள்கிறது; பகைவனுக்கும் முகமும் மாண்பும் உண்டு. இரண்டாவதில் பார்ப்பதற்கு ஒரே தரப்புத்தான் உண்டு. போர்க்கதைகளை இவ்விரு வகைகளுள் அடக்கிப் பார்ப்பது பயன் தரும். வெற்றிக்கு முந்தைய கணத்தில் நின்று எழுதும்போது பற்றுறுதி ஒரு கேள்வியாக இருக்கிறது. வெற்றிக்குப் பின் நின்று எழுதும்போது அது விடையாக இறுகிவிடுகிறது.

இரு சாசனங்கள், ஒரு போர்

இப்பகுதியின் வரலாற்றுச் சான்றுகளிலும் இதே இரட்டைத்தன்மை உண்டு. 634ஆம் ஆண்டை ஒட்டிய ஐஹொளெக் கல்வெட்டில் இரவிகீர்த்தி, இரண்டாம் புலிகேசியிடம் தோற்ற பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்கியதாகப் பாடுகிறார். பல்லவரின் காசக்குடிச் செப்பேடு, மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றதாகக் கூறுகிறது. கூரம் செப்பேடு, நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய களங்களில் புலிகேசியைப் புறங்காணச் செய்து, வாதாபியையும் அழித்ததாகப் பேசுகிறது. புள்ளலூர், கூரம், மணிமங்கலம் ஆகிய மூன்றும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்கள். தலைநகரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருக்க, படைகள் மிதித்தது இவ்வூர்களின் வயல்களையே.

கல்கி இவ்விரு சான்றுகளுள் ஒன்றைத் தள்ளிவிடவில்லை. முற்றுகையில் ஐஹொளெக் கல்வெட்டின் கூற்றையும், பழிதீர்ப்பில் கூரம் செப்பேட்டின் கூற்றையும் ஏற்று ஒரே கதையாக்கினார். அவமானத்தில் தொடங்கி வெற்றியில் முடியும் அந்த வரிசை தமிழ் வாசகருக்கு நிறைவளிப்பது. ஆனால் அந்த வரிசையே ஒரு சார்பை உண்டாக்குகிறது. அவமானம் முதலிலும் வெற்றி இறுதியிலும் வைக்கப்பட்ட கதையில், இடையில் தயங்குபவர் எவரும் வெற்றியைத் தாமதப்படுத்துபவராகவே தோன்றுவர்.

தொடர் வெளிவந்த காலமும் நினைக்கத்தக்கது. அது தொடங்கிய 1944ஆம் ஆண்டிலேயே இந்திய தேசிய இராணுவம் இம்பால் களத்தில் போரிட்டது. மலேயாத் தமிழர் பலர் அப்படையில் சேர்ந்திருந்தனர். தமிழகத்தார் பலர் எதிரே பிரித்தானிய இந்தியப் படையில் இருந்தனர். 1945 நவம்பரில் செங்கோட்டையில் விசாரணை தொடங்கியபோது, ‘யார் துரோகி, யார் வீரர்’ என்பது நாடெங்கும் எழுந்த கேள்வியாயிற்று. 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற கல்கிக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. புதினம் இதை நேராகப் பேசவில்லை. எனினும் ஒற்றர்களும் வேடமாற்றங்களும் நிறைந்த ஒரு கதையை அன்றைய வாசகர் எச்சூழலில் படித்தனர் என்பதை மறந்துவிடலாகாது.

பிளவு யாருக்கு அளிக்கப்படுகிறது?

புதினத்தின் நான்கு பாகங்களின் தலைப்புகள்: ‘பரஞ்சோதி யாத்திரை’, ‘காஞ்சி முற்றுகை’, ‘பிக்ஷுவின் காதல்’, ‘சிதைந்த கனவு’. இவற்றுள் இரண்டு, தனி மாந்தரைச் சுட்டுவன. ஒருவர் பரஞ்சோதி, மற்றவர் நாகநந்தி. கதைத்தலைவனான மாமல்லனின் பெயரால் ஒரு பாகமும் இல்லை. பிளவுண்ட மாந்தரே கதையின் உண்மையான இயக்கு விசை என்பதைக் கல்கி தம் தலைப்புகளாலேயே ஒப்புக்கொள்கிறார் எனலாம்.

நாகநந்தி புலிகேசியின் இரட்டையர், உருவத்தில் வேறுபாடு காண இயலாதவர், அரசைத் துறந்தவர், பிக்ஷுவின் ஆடையில் உலவும் ஒற்றர். துறவியர் கோலத்தில் ஒற்றர் செல்வதைத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் முன்பே குறிப்பிடுகிறது. சிவகாமியின் ஆடற்கலை மீது அவர் கொண்ட ஈடுபாடு, உடன்பிறந்தவன் மீதான பற்றோடு மோதுகிறது. புதினத்தில் மிக ஆழமாகப் பிளவுண்டவர் அவரே. ஆனால் அப்பிளவு அவருக்கு மாண்பைத் தரவில்லை; நஞ்சையும் சூழ்ச்சியையுமே தருகிறது. மகேந்திரவர்மனின் ‘மத்தவிலாசப் பிரகசன’த்தில் நகைப்புக்குரியவராக இருந்த பௌத்த பிக்கு, கல்கியிடம் அச்சத்துக்குரியவராகிறார். இரு இடங்களிலும் காஞ்சிக்குள் உலவும் ‘பிறர்’ அவரே. இவ்வாறு பிளவு என்னும் உளவியல் நிலை ஒரு சமய அடையாளத்தோடு பிணைக்கப்படுவது புதினத்தின் குறைகளுள் ஒன்று.

பரஞ்சோதியின் நிலை வேறு. அவன் கதைக்குள் வருவதே தன் கையிலுள்ள ஓலையின் உண்மைப் பொருளை அறியாத தூதனாகத்தான். அஜந்தா வண்ணக் கலவையின் மறைபொருளை நாடிச் செல்வதாக நம்பும் அவன், காஞ்சியைத் தாக்கப் புலிகேசியை அழைக்கும் ஓலையைச் சுமக்கிறான். வச்சிரபாகுவாக வேடம் பூண்ட மகேந்திரவர்மர் வழியில் அந்த ஓலையை மாற்றிவிடுகிறார். அவ்வகையில், பின்னாளில் பல்லவப் படைத்தலைவனாகும் பரஞ்சோதி, தொடக்கத்தில் தன்னை அறியாமலேயே பகைவனின் கருவி. அவன் குற்றமற்றவனாக எஞ்சுவது மன்னரின் கூர்மையால் மட்டுமே. இரு தலைநகரங்களுக்கிடையே பயணிப்பவர் எவரும் எளிதில் ஐயத்துக்குள்ளாவர் என்பதைப் புறநானூறும் அறியும். நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவரை நெடுங்கிள்ளி ஒற்றர் எனக் கருதிக் கொல்ல முற்பட்டபோது, கோவூர்கிழார் பாடிக் காத்தார் என்பது 47ஆம் பாடலின் செய்தி. 45ஆம் பாடலில் அவரே, போரிடும் இருவரும் ஒரே சோழர்குடி என்பதையும், யார் தோற்றாலும் தோற்பது அக்குடியே என்பதையும் சுட்டிப் போரை நிறுத்த முனைகிறார். பற்றுறுதியைக் கேள்விக்குள்ளாக்கும் குரல் சங்கப் பாடலில் போர்க்களத்துக்கு நடுவிலேயே ஒலித்திருக்கிறது.

கல்கியின் புதினத்தில் அக்குரல் ஒலிக்கும் இடம் வாதாபியின் அழிவுக்குப் பிறகே. எரிந்த நகரைக் கண்டபின் பரஞ்சோதி போர்த்தொழிலைத் துறந்து சிறுத்தொண்டராகிறான். பெரியபுராணத்தில் இது வேறுவகையில் நிகழ்கிறது. செங்கற்பட்டு மாவட்டமாக விளங்கிய பகுதியின் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், மன்னனே அவரைச் சிவனடியார் என அறிந்து வருந்தி, போருக்கு அனுப்பியமைக்குப் பொறுத்தருள வேண்டிப் பொருள் தந்து விடுவித்ததாகப் பாடுகிறார். அங்கே விடுதலை அரசனின் கொடை. அதற்குக் காரணம் அடியார் பெருமை. கல்கியிடம் அது படைத்தலைவனின் சொந்த மனமாற்றம். அதற்குக் காரணம் போரின் கொடுமை. இம்மாற்றமே புதினத்தின் மிகத் துணிவான செயல் எனத் தகும். எனினும் இருவரும் ஒரு விதியை மாற்றவில்லை. விலகல் வெற்றிக்குப் பின்னரே அனுமதிக்கப்படுகிறது. வெற்றிக்குப் பின் விலகியவர் தொண்டர். முன்னர் விலகியிருந்தால் அவருக்குக் கதையில் கிடைத்திருக்கும் பெயர் வேறு.

நிறைவேறிய சூளும் முறிந்த சூளும்

வஞ்சினம் தமிழ்ப் புறமரபில் அரசர்க்குரியது. பூதப்பாண்டியன், தலையாலங்கானத்து நெடுஞ்செழியன், நலங்கிள்ளி ஆகியோரின் வஞ்சினப் பாடல்கள் புறநானூற்றில் 71 முதல் 73 வரை அடுத்தடுத்து அமைந்துள்ளன. கல்கி அந்த அரசவுரிமையை ஓர் ஆடல்மகளிடம் அளிக்கிறார். சிறைபிடித்துச் செல்லப்பட்ட தமிழ் மக்கள் கசையடி படுவதைத் தடுக்க, வாதாபியின் நாற்சந்திகளில் ஆடும்படி நேர்ந்த சிவகாமி, அந்நகர் எரிவதைக் கண்டன்றித் திரும்பேன் எனச் சூளுரைக்கிறாள். தன்னை மீட்க மாமல்லன் மறைவாக வந்தபோதும் அச்சூளைக் காத்து உடன்செல்ல மறுக்கிறாள். ஒன்பதாண்டு கழித்துச் சூள் நிறைவேறுகிறது. அதற்குள் மாமல்லனுக்குப் பாண்டியன் மகளுடன் மணமாகி மக்களும் பிறந்துவிட்டனர். வெற்றி வந்த நாளில் அவளுக்கென அவ்வெற்றியில் ஓர் இடமும் இல்லை. அவள் ஏகாம்பரநாதர் திருமுன் தன்னை ஒப்படைத்துக்கொள்கிறாள். வெற்றியைக் கூறும் பாகத்துக்குச் ‘சிதைந்த கனவு’ எனத் தலைப்பிட்டதன் மூலம், சூளின் விலையைப் புதினமே கணக்கிட்டுக் காட்டுகிறது.

‘சாகா’வில் மார்க்கோவின் சூள் இதற்கு நேர்மாறானது. குடும்பத்து வாளை உறையிலிருந்து இனி உருவுவதில்லை என அவன் உறுதி கொள்கிறான். மனைவியும் மகளும் தாக்கப்படும் கணத்தில் அந்த உறுதி முறிகிறது. முறிந்த பிறகும் அவன் மீண்டும் அதே உறுதிக்குத் திரும்ப முயல்கிறான், மீண்டும் தோற்கிறான். அழிப்பேன் என்ற சூள் நிறைவேறக்கூடியது. அழிக்கமாட்டேன் என்ற சூள் ஒவ்வொரு நாளும் புதிதாகக் காக்கப்பட வேண்டியது. முதலாவதற்கு ஒரு முடிவுநாள் உண்டு. ஆகவே அது வரலாற்றுப் புதினத்தின் கட்டுக்கோப்புக்குப் பொருந்துகிறது. இரண்டாவதற்கு முடிவுநாள் இல்லை. ஆகவே முடிவற்ற தொடர்வடிவமே அதற்கு ஏற்றதாகிறது.

உடலில் வரைந்த எல்லை

சித்திரக்கதையின் தனி ஆற்றல் இங்கே கருதத்தக்கது. கல்கியின் கதையில் பகை, ஒரே முகத்தின் இரு உரிமையாளர்களாக வருகிறது. நாகநந்தியும் புலிகேசியும் ஒருவர் இடத்தில் மற்றவர் நிற்க இயல்வதால், முகத்தைக் கொண்டு தரப்பை அறிய முடிவதில்லை. ‘சாகா’வில் நிலைமை மறுதலை. கொம்பும் சிறகும் ஒவ்வொரு சட்டகத்திலும் தரப்பை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. மறைத்தாலன்றி எவரும் அடையாளத்திலிருந்து தப்ப இயலாது. ரீத் மக்களின் மொழி நீல எழுத்துகளில் அச்சாகிறது, அம்மொழி எஸ்பெராண்டோ. எல்லோருக்கும் பொதுவாகப் படைக்கப்பட்ட ஒரு மொழி இக்கதையில் பகைவர் மொழியாகிறது என்னும் முரண்நகை கவனிக்கத்தக்கது.

இவ்வளவு துலக்கமாக வரையப்பட்ட எல்லையின் மீதுதான் ஹேசல் பிறக்கிறாள். அவளுக்குச் சிறகும் உண்டு, கொம்பும் உண்டு. அவள் எதையும் செய்வதற்கு முன்பே, அவள் உடல் இரு அரசுகளுக்கும் அச்சுறுத்தலாகிறது. பகைவருடன் கூடி வாழ இயலும் என்பதற்கு அவளே சான்று. ஆகவே இரு தரப்பும் அவள் இருப்பை மறைக்க முனைகின்றன. அவளுடைய கதைகூறல் பெட்டிக்குள் அடைபடாத கையெழுத்தாகப் படங்களின் மேல் படர்கிறது. மற்றவர் பேச்சு குமிழிக்குள் இருக்க, இவள் குரல் மட்டும் எல்லைக்கோடின்றி அமைவது உள்ளடக்கத்துக்கு இயைந்த வடிவம்.

மூன்றாவது நிலத்தையும் ‘சாகா’ மறக்கவில்லை. கோளும் துணைக்கோளும் ஒன்றையொன்று அழித்தால் எஞ்சியதும் பாதையை விட்டு விலகிவிடும் என்பதால், இரு அரசுகளும் தம் போரைப் பிறர் கோள்களுக்கு மாற்றிவிட்டன. ஹேசல் பிறந்த க்ளீவ் அத்தகைய ஒரு கோள். அங்கே கண்ணிவெடியில் இறந்த இசபெல் என்னும் சிறுமி, இடைக்குக் கீழ் உடலற்ற ஆவியாக ஹேசலின் செவிலியாகிறாள். போரிடாத ஊரின் உடல் சிதைவு ஒவ்வொரு சட்டகத்திலும் வாசகர் கண்முன் நிற்கிறது. காஞ்சிக்கும் வாதாபிக்கும் இடைப்பட்ட ஊர்கள் கல்கியின் கதையில் எரிகின்றன. சிற்பிகளின் கைகால்களை வெட்டும் ஆணையும் பிறக்கிறது. ஆனால் அவ்வூர்களிலிருந்து தொடர்ந்து பேசும் ஒரு குரல் இல்லை. அவர்கள் துயரம் சூளுக்குக் காரணமாகிறது, கதைக்கு உரியதாவதில்லை.

‘சாகா’வும் குறையற்றதன்று. மரணத்தை இதழின் கடைசிப் பக்க அதிர்ச்சியாகப் பயன்படுத்தும் வழக்கம் அதில் மிகுதி. 2018இல் வந்த 54ஆம் இதழில் மார்க்கோ கொல்லப்பட்டதும் தொடர் நின்று, 2022 ஜனவரியில்தான் மீண்டும் வந்தது. போரின் கொடுமையைக் கண்டிக்கும் கதை, அக்கொடுமையையே வாசகரை ஈர்க்கும் பொறியாக்கிக்கொள்வது அதன் தீராத முரண். தொடர் வடிவம் இரு படைப்புகளுக்கும் அளித்த வலிமையும் வரம்பும் இதுவே.

பிள்ளையும் பற்றுறுதியும்

இரு மரபுகளின் இடைவெளி மிகக் கூர்மையாகத் தெரியும் இடம் பிள்ளை பற்றியது. பெரியபுராணத்தில் போரைவிட்டு வந்த சிறுத்தொண்டர், அடியார் வேண்டியதற்கிணங்கத் தம் ஒரே மகன் சீராளனைக் கறியாக்கிப் படைக்கிறார். இறைவன் மகனை மீட்டளிக்கிறார். அரசனுக்கு உரியதாயிருந்த அளவற்ற பற்றுறுதி இங்கே இறைவனுக்கு மாற்றப்பட்டுள்ளது. அதன் அளவு குறையவில்லை. கல்கியின் கதை அந்நிகழ்வை எட்டுமுன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே கதைக்குப் பின் வரவிருக்கும் அக்கேள்வியைப் புதினம் எதிர்கொள்ள நேரவில்லை. ஆனால் சீராளன் கதையை அறிந்த தமிழ் வாசகர் எவரும் பரஞ்சோதியின் துறவை முழு விடுதலையாகப் படிக்க இயலாது.

சிறுத்தொண்டர் பற்றுறுதிக்காகப் பிள்ளையைத் தருகிறார். அலானாவும் மார்க்கோவும் பிள்ளைக்காகப் பற்றுறுதியைத் தருகின்றனர். அவர்களைத் துரத்தி வந்த ரோபோ நாட்டின் நான்காம் இளவரசர்கூட, தமக்கும் ஒரு மகன் என்ற நிலையில், பின்னர் அவர்களுடன் ஒரே கலத்தில் வாழ்கிறார். பகைவரை வீட்டாராக்குவது கொள்கையன்று, பிள்ளை வளர்ப்பின் அன்றாடத் தேவை என்பதே ‘சாகா’ காட்டும் வழி.

வெற்றிக்கு முன் விலகியோர்

தமிழ் இலக்கியத்தில் வெற்றிக்கு முன் விலகியவருக்கு இடமே இல்லை எனக் கூறிவிட முடியாது. அவர்கள் வரலாற்றுப் புதினத்தின் வழியாக வரவில்லை. ஈழப் போரின் வழியாக வந்தனர். இயக்கத்தை விட்டு விலகியவர் கோவிந்தன் என்னும் புனைபெயரில் எழுதிய ‘புதியதோர் உலகம்’ (1985), ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) ஆகியவை போர் முடியாத காலத்திலேயே விலகியவரின் நிலையிலிருந்து பேசின. இவற்றில் தலைநகரம் எரியும் இறுதிக்காட்சி இல்லை. நிறைவேறிய சூளும் இல்லை. தப்பி ஓடுதலும், ஐயத்துக்குள்ளாதலும், புகலிடத்தில் தன் கதையை நம்பவைக்கப் போராடுதலுமே உண்டு. ஷோபாசக்தி நடித்து, ழாக் ஓதியார் இயக்கி, 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தில், முன்னாள் போராளி ஒருவனும் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் குடும்பமாக நடித்துப் பிரான்சுக்குத் தப்புகின்றனர். ‘சாகா’வின் தப்பியோடும் குடும்பத்துக்குத் தமிழில் மிக நெருங்கிய உறவு மாமல்லனின் அரண்மனையில் இல்லை, இக்கதைகளில்தான் இருக்கிறது.

‘துரோகி’ என்ற சொல் கதைகளில் மட்டும் வாழும் சொல்லன்று. ஈழப் போர்க்காலத்தில் அது உயிர்களைப் பறித்த சொல். எனவே விலகுபவருக்கு இலக்கியம் எப்போது மாண்பளிக்கிறது என்ற கேள்வி வெறும் கதையியல் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. வெற்றிபெற்ற தரப்பின் விலகலை மட்டும் துறவாகப் போற்றும் வாசிப்புப் பழக்கம், வெற்றி கிட்டாத போரிலிருந்து விலகியவரைப் புரிந்துகொள்ளும் சொற்களை வாசகருக்கு அளிப்பதில்லை.

முடிவுரை

இவ்வொப்பீட்டால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ‘சிவகாமியின் சபதம்’ வெற்றியைப் பாடும் புதினம் என்ற பொதுக்கருத்து திருத்தத்துக்குரியது. அதன் பாகத் தலைப்புகளும், சிவகாமியின் முடிவும், பரஞ்சோதியின் மனமாற்றமும் வெற்றிக்கு எதிரான சான்றுகளைப் புதினத்துக்குள்ளேயே வைத்துள்ளன. ஆயினும் விலகலுக்கு வெற்றியை முன்நிபந்தனையாக்குவதால் அச்சான்றுகள் முழுமை பெறவில்லை. இரண்டாவது, ‘சாகா’ அந்த முன்நிபந்தனையை நீக்குகிறது; கொம்பையும் சிறகையும் ஒரே குழந்தையின் உடலில் வரைவதன் மூலம், சொல்லால் நீண்ட விளக்கம் தேவைப்படும் ஒன்றைக் கோட்டோவியத்தால் முதல் இதழிலேயே நிறுவுகிறது. மூன்றாவது, கோவூர்கிழார் முதல் ஈழ எழுத்து வரை, போருக்கு நடுவிலேயே பற்றுறுதியைக் கேள்விக்குள்ளாக்கும் ஒரு தமிழ் மரபு உண்டு. அதை வரலாற்றுப் புதினத்தின் புகழொளி மறைத்திருக்கிறது.

மாமல்லபுரக் கடற்கரையில் இரசிகமணி டி.கே.சி.யுடன் இருந்த நிலவிரவில் இக்கதையின் கரு தோன்றியதாகக் கல்கி தம் முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார். அதே கடற்கரையின் குகையில் மகிடன் இன்னும் குடையின் கீழ் நிற்கிறான், போர் முடியவில்லை. பகைவன் பீடமாவதற்கு முந்தைய அக்கணத்தில் நின்று எழுதப்படும் தமிழ் வரலாற்றுப் புதினமோ சித்திரக்கதையோ உருவாகுமாயின், அதற்கு முன்மாதிரி அயல்நாட்டில் மட்டுமின்றி அப்பாறையிலும் உண்டு.